அசனத்துப் பொடிக்கு வந்த பழி

ஸ்டெபி அயர்லாந்துக்குக் கிளம்பியது ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம். திருநெல்வேலி ஜங்ஷனில் நெல்லை எக்ஸ்பிரஸ் புறப்பட நின்றுகொண்டிருந்தது. பெரிய பெட்டியை வேறு யாரும் தொடக்கூடாது என்று அவள் அப்பா எலியேசர் தானே முன்னால் போனார். படியில் ஒரு காலை வைத்து, வலது கையால் பெட்டியைத் தூக்கினார். பாதி உயரம் வந்ததும் மணிக்கட்டு அப்படியே மடிந்து, வெயிலில் கிடந்த கீரைத்தண்டு மாதிரி கை தொங்கிவிட்டது. பெட்டி பிளாட்பாரத்தில் விழுந்து திறந்துகொண்டது. அம்மா சாரம்மாள் உறைமேல் உறை போட்டுக் கட்டிக்கொடுத்திருந்த குழம்புப் பொடி வெடித்துச் சிதறி, அந்த ரயில் பெட்டிக்கு முன்னால் வழியனுப்ப வந்திருந்த கூட்டம் முழுவதும் தும்மியது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. காலையில வலை வீசுனேம்லா, கை அசந்துபோச்சு" என்றார் எலியேசர். இடது கையால் வலது கையை எடுத்துச் சட்டைப் பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், வேறு ஒருவருடைய கையை வைப்பதுபோல.

ஒரே மகள் நர்ஸ் வேலைக்குக் கடல் தாண்டிப் போகிறாள். வண்டி நகரும்போது ஒரு தாய் நிம்மதியாக அழவாவது வேண்டும். சாரம்மாளுக்கு அதற்கும் கொடுத்துவைக்கவில்லை. அழுகை வந்த நேரத்தில் தும்மல் வந்தது. மகள் ஜன்னலில் இருந்து, "அம்மா, அப்பா கையை யாருட்டயாவது காட்டு" என்று கத்தினாள். அதற்குப் பதில் சொல்வதற்குள் இன்னொரு தும்மல். வண்டி போய்விட்டது.

சாரம்மாள் திசையன்விளைக்காரி. அவள் அப்பா சந்தையில் மிளகாய் வத்தலும் மல்லியும் விற்றவர். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தே வத்தல் போன வருஷத்துச் சரக்கா இந்த வருஷத்துச் சரக்கா என்று சொல்லுகிற மூக்கு அவரிடமிருந்து வந்தது. சேரன்மகாதேவிக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு, பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க்கான கணவர் சம்பளம் போக, வீட்டிலேயே குழம்புப் பொடி இடித்து விற்க ஆரம்பித்தாள். மஞ்சளைத் தூளாக அவள் வாங்கியதே இல்லை. கடைத்தூளில் எதையாவது கலந்து நிறம் ஏற்றியிருப்பான் என்று விரலி மஞ்சள்தான் வாங்குவாள். மாவு மில்லில் முதலில் ஒரு படி பச்சரிசியை ஓட்டச் சொல்லி, மிஷினில் ஒட்டிக்கிடக்கும் ஊரார் பொடியையெல்லாம் துடைத்தெடுத்துவிட்டுத்தான் தன் சரக்கைக் கொட்டுவாள். "அக்கா, நீங்க வந்தா மிஷினே பல்லு விளக்கிட்டுதான் நிக்கிது" என்பார் மில்லுக்காரர் பரமசிவன்.

அப்படிப்பட்ட பொடி என்பதால்தான் சபையின் அசனத்துக்கும் அவள் பொடியே போனது. ஆகஸ்டில், கோயில் கட்டி முடித்த நாளை நினைத்து, பிரதிஷ்டைப் பண்டிகை வரும். அன்றைக்கு ஊர்ச்சபை முழுவதும் ஒரே பந்தியாக உட்கார்ந்து கறிக்குழம்பும் சோறும் சாப்பிடுவது அசனம். வள்ளியூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும்கூடச் சொந்தக்காரர்கள் தூக்குவாளியோடு வருவார்கள். அந்தக் குழம்பின் வாசனை தன் வீட்டு வாணலியில் பிறந்தது என்பது சாரம்மாளுக்கு இருந்த ஒரே கர்வம். வேறு கர்வத்துக்கு அந்த வீட்டில் வழியும் இல்லை.

எலியேசருக்கு உடம்பு கெட ஆரம்பித்தது கிறிஸ்துமஸுக்கு முன்பே. வயிற்றை முறுக்கும். நாள்கணக்கில் வெளிக்குப் போகாது. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு டாக்டர் கேஸ் என்றார். அடுத்தவர் அல்சர் என்றார். மூன்றாமவர் ரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்தார். அதோடு ஊரும் வைத்தியம் சொல்லத் தொடங்கியது. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல். சாரம்மாள் வாரம் தவறாமல் ஈரல் வறுத்தாள். ரத்தம் ஏறவில்லை. அதற்கும் காரணம் அவள்தான் என்று முதலில் கண்டுபிடித்தவள் எலியேசரின் அக்கா ரோஸ்லின்.

பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் வந்துவிடுவாள்.

"ஏளா, அவனுக்கு ஈரல் குடுக்கியா இல்லியா?"

"குடுக்கேன் மைனி."

"எப்படிக் குடுக்க?"

"தட்டுல வச்சுதான்."

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. என் தம்பி எங்க வீட்டுல இருந்த வரைக்கும் தும்மல்கூட வந்ததில்ல."

தம்பி அக்கா வீட்டை விட்டு வந்தே முப்பது வருஷம் ஆகப்போகிறது. அதைச் சொன்னால் அதற்கும் ஒரு பதில் வரும். சாரம்மாள் வாணலியைத் தேய்த்தாள்.

கை தொங்கிய பிறகு பாளையங்கோட்டையில் டாக்டர் ஜாஸ்பரிடம் போனார்கள். இளவயசுக்காரர். மற்றவர்கள் அச்சடித்த காகிதத்தைப் பார்த்தார்கள், இவர் ரத்தத்தையே கண்ணாடிச்சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பில் தானே குனிந்து பார்த்தார். பிறகு எலியேசரின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். பல்லை ஒட்டிக் கருநீலமாக ஒரு கோடு ஓடியது. டீக்கறை என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்த கோடு.

"சிவப்பணுவுக்குள்ள நீலப் புள்ளியாத் தெரியுது. எனக்கு ஈயம்னு சந்தேகம். பெயின்ட் கம்பெனி, பேட்டரி கம்பெனி, எங்கயும் வேலை பார்த்தீங்களா?"

"பள்ளிக்கூடத்துல கிளார்க்கு சார். ரெண்டு வருஷமா அதுவும் இல்ல, ரிட்டையர். பேனாவைத் தவிர ஒண்ணும் பிடிச்சதில்ல."

"அப்ப வீட்டுல ஏதாவது? பழைய பாத்திரம், மஞ்சத்தூள், மசாலா?"

கூடவே வந்திருந்த ரோஸ்லின் நாற்காலியில் நிமிர்ந்தாள். "இவ பொடி யாவாரம் பண்ணுதா சார்."

அந்த அறையில் மூன்று பேரும் சாரம்மாளைப் பார்த்தார்கள். கணவரும் பார்த்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலமே ரோஸ்லின் அடுப்படிக்குள் புகுந்து ஈயம் பூசின பித்தளைப் பாத்திரங்களை, ரசம் வைக்கிற ஈயச்சொம்பு உட்பட, சாக்கில் கட்டித் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். விஷம் என்று தெரிந்த பாத்திரத்தைத் தன் வீட்டில் ஏன் வைத்துக்கொள்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. சேதி ஞாயிறு ஆராதனைக்குள் சபை முழுவதும் போய்விட்டது. திங்கட்கிழமை பொடி வாங்க வருகிறவர்கள் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அடுத்த வீட்டு ஜுபைதா பீவி மட்டும் கிண்ணத்தை நீட்டினாள்.

"உனக்குப் பயமில்லையா?" என்று கேட்டாள் சாரம்மாள்.

"ரோஸ்லின் அக்கா சொன்னதுனாலதான் வந்தேன். அவ நல்ல பொடின்னு சொல்லியிருந்தாத்தான் பயந்திருப்பேன்."

ரத்தத்தில் ஈயம் பார்க்க ஊரிலிருந்த சேகரிப்பு நிலையத்தில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. ஈயம் இல்லை. சாரம்மாள் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்தபடி தெருவில் ஒருமுறை தேவையில்லாமல் நடந்துவிட்டு வந்தாள். அவள் சந்தோஷம் மறுநாள் வரைக்கும் நின்றது. டாக்டர் ஜாஸ்பர் காகிதத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். உடனே அந்த நிலையத்துக்குப் போன் போட்டார்.

"நான் முழு ரத்தத்தையும் அனுப்பச் சொன்னேனே, என்ன செஞ்சீங்க?"

மறுமுனையில் ஒரு பெண் பெருமையாகச் சொன்னது சாரம்மாளுக்கும் கேட்டது. "வழியில கெட்டுப் போயிரக்கூடாதுன்னு மிஷின்ல சுத்தி, தெளிஞ்ச தண்ணிய மட்டும் நீட்டா எடுத்து அனுப்புனோம் சார்."

"மிச்சம்?"

"கீழ போட்டுட்டோம் சார்."

டாக்டர் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"ரத்தத்துல இருக்கிற ஈயம் தண்ணியில மிதக்காதும்மா. கிட்டத்தட்ட எல்லாமே சிவப்பணுவுக்குள்ள போய் உக்காந்திரும். அவங்க சிவப்பணுவைக் கொட்டிட்டு, மேல நின்ன மஞ்சத் தண்ணியில தேடச் சொல்லியிருக்காங்க. எப்படிக் கிடைக்கும்?"

"அது எப்படி சார் உள்ள போவுது?" என்று கேட்டாள் சாரம்மாள். தன் பெயரைக் கெடுத்தவன் எந்த வழியாக வந்தான் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

"சிவப்பணுவோட தோல்ல ஒரு வாசல் இருக்கு. நாம வெளிய விடுற கரியமில வாயு ரத்தத்துல கரைஞ்சு வேற உருவத்துல ஓடும், கார்பனேட்டு வகையில. அது ஒரு பக்கம் போக, உப்புல இருக்கிற குளோரைடு மறுபக்கம் வர, மாத்தி மாத்தி விடுற வாசல் அது. மூச்சு இருக்கிற வரைக்கும் மூட முடியாது. ஈயம் அந்தக் கார்பனேட்டு கூடவே ஒட்டிக்கிட்டு உள்ள வந்திரும். கல்யாண வீட்டுல மாப்பிள்ளை வீட்டு ஆளு தோள்ல கையப் போட்டுக்கிட்டுப் பேசிட்டே வாரவனை யாரு தடுப்பா? அப்படி."

"வந்து?"

"துத்தநாகம்னு ஒண்ணு உடம்புக்குக் கொஞ்சமா வேணும். ரத்தத்துக்குச் சிவப்பு செய்யிற வேலையில அதுக்குன்னு ஒரு இடம் உண்டு. ஈயம் போய் அதைத் தள்ளிட்டு அந்த இடத்துல உக்காந்துக்கும். ஆனா வேலை செய்யாது. செய்யிறவங்களையும் விடாது. அதான் எத்தனை இரும்பு மாத்திரை முழுங்கினாலும் ரத்தம் ஏறல. இரும்பு வந்து நிக்கும், வாங்கி வைக்க ஆள் இருக்காது."

அன்றைக்கும் கூடவே வந்து பக்கத்து நாற்காலியில் இருந்த ரோஸ்லினைச் சாரம்மாள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஈயத்தின் குணம் அவளுக்கு நன்றாக விளங்கிவிட்டது.

இந்த முறை டாக்டர் முன்னாலேயே ரத்தம் எடுத்து, சுற்றாமல், கொட்டாமல் முழுசாக அனுப்பினார்கள். சாரம்மாள் பிடிவாதமாகத் தன் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னாள். பொடியிலும் ஒரு பொட்டலம் போனது. எலியேசருக்கு ஈயம் பயப்படும்படி ஏறியிருந்தது. சாரம்மாளுக்கு ஊரில் யாருக்கும் இருக்கிற அளவுதான். பொடியில் ஒன்றும் இல்லை.

"ஒரே சட்டியில சாப்பிடுதோம் மைனி" என்றாள் சாரம்மாள். "ஒரே ரசம், ஒரே பொடி. எனக்கு ஏன் இல்ல?"

"சமைக்கிறவ ருசி பார்த்துட்டு விட்டிருவா. திங்கிறவன் அவன்தானே."

"பொடியில இல்லன்னு வந்திருக்கே."

"அனுப்புறதுக்கு நல்ல பொடியாப் பார்த்து அனுப்பியிருப்ப."

இதற்குமேல் எந்தப் பரிசோதனை நிலையமும் உதவாது. டாக்டரோ, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று நிறுத்தாமல் மருந்து கொடுப்பது வீண் என்றார். இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருக்குமாம். சாரம்மாள் வீட்டைக் கவிழ்த்துப்போட்டாள். சுவரைச் சுரண்டினாள், தண்ணீர்க் குழாயைப் பார்த்தாள், மீதியிருந்த பாத்திரங்களை மாற்றினாள். மகள் வீடியோவில் வந்து, "அம்மா, அப்பா வேற என்னதான் செய்யுதாங்க?" என்று கேட்டபோது, "திங்கிறாவ, தூங்குதாவ, வலையத் தூக்கிட்டு ஆத்துக்குப் போறாவ. வேற என்ன சோலி?" என்று எரிந்து விழுந்தாள். சொன்னவளுக்கும் உறைக்கவில்லை, கேட்டவளுக்கும் உறைக்கவில்லை.

ஆகஸ்டு வந்தது. அசனத்துக்கு ஒரு வாரம் முன்னால், ஐயர் என்று ஊர் கூப்பிடும் சபைப் பாதிரியார் சாரம்மாள் வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் மட்டும் கடைப் பொடி வாங்கிருவோம்மா. எனக்கு ஒண்ணுமில்ல. சனங்க மனசு இருக்குல்லா. பெண்கள் சங்கத்துல வேற பேசியிருக்காங்க."

பெண்கள் சங்கத்தில் பேசியது யார் என்று கேட்கத் தேவையில்லை. சங்கத் தலைவி ரோஸ்லின்.

சாரம்மாள் அசனத்துக்குப் போனாள். போகாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பந்தியில் குழம்பு வந்தது. மல்லியை வறுக்காமல் அரைத்திருந்தார்கள். மஞ்சள் தூக்கலாக, வத்தல் பழசாக இருந்தது. "நல்லாத்தானே இருக்கு" என்று எதிர் வரிசையில் ஒருத்தி சொன்னாள். சாரம்மாள் இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்தால் கணவரைக் காணோம். கொல்லைச்சுவரில் தொங்கும் வலையையும் காணோம். கை தொங்கிக் கிடக்கிற மனுஷன், பண்டிகை நாளும் அதுவுமாக, ஆற்றுக்குப் போயிருக்கிறார். வந்த எரிச்சலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, வயல்வரப்பு வழியாகத் தாமிரபரணிக்கு நடந்தாள். கல்யாணமான புதிதில் இரண்டொரு தடவை அவரோடு அங்கே போனதுதான். அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிற மீனோடு மட்டும்தான் அவளுக்குச் சம்பந்தம்.

எலியேசர் இடுப்பளவு தண்ணீரில் முதுகைக் காட்டி நின்றார். வீச்சு வலையை விரித்து எறிய இரண்டு கை போதாது. விளிம்பில் ஒரு பகுதியைப் பல்லால் கடித்துக்கொண்டு, உடம்பைத் திருப்பி வீசும்போது வாயை விட வேண்டும். ஆற்றில் வலை வீசுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் வீசுவார்கள். இப்போது வலது கை பிடிக்காததால் அவர் இன்னும் ஒரு கொத்தை வாய்க்குள் அள்ளிக் கடித்திருந்தார். வலை முங்குவதற்காக விளிம்பில் கோத்திருந்த மணிகள் உதட்டோரத்தில் சாம்பல் நிறமாகத் தொங்கின.

"எங்க வந்து நிக்கிய?" என்றாள் கரையிலிருந்து.

"ம்ம்" என்றார் அவர், வாய் நிறைய.

"துப்புங்க."

துப்பினார். ஆற்றுத் தண்ணீரை அள்ளி வாயைக் கொப்பளித்தார். "ஒரே ஒரு வீச்சு. இன்னைக்குக் கெளுத்தி நிறையக் கிடக்கு."

"வாயில வச்சிருந்தது என்னது?"

"வலை."

"வலையில?"

"மணி."

"எதுல செஞ்ச மணி?"

"ஈயத்துலதான். பின்ன வெள்ளியிலயா கட்டுவாங்க?"

சொல்லிவிட்டு அவர் சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றது. கையிலிருந்த வலையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். நீர்க்காகம் ஒன்று முங்கி, எழுந்து, மறுபடி முங்கியது.

"டாக்டர் ஈயம் ஈயம்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துதாரு" என்றாள் சாரம்மாள் பைய. சத்தம் போடத் தெம்பு இல்லை.

"அவரு சாப்பாட்டுலன்னுல்லா சொன்னாரு. இது சாப்பாடா?"

"வேலை பார்த்தியளான்னும் கேட்டாரு."

"இது வேலையா? ரிட்டையர் ஆன மனுஷன் பொழுதுபோக்கா ரெண்டு வேளை வீசுதேன்."

"இந்த மணியெல்லாம் எங்க வாங்குனிய?"

"வாங்கல. வெள்ளத்துல பழைய வலை போச்சுல்லா. புதுசுக்கு மணி நானே ஊத்துனேன். அக்கா வீட்டு இன்வர்ட்டர் பேட்டரி செத்துக் கிடந்துச்சு. அதை உடைச்சு, உள்ள இருந்த தகட்டை உருக்கி, அவ கொல்லையிலதான் ஊத்துனோம். அக்காதான் விறகு வச்சா. நல்ல கனமான மணி தெரியுமா, சீக்கிரமா முங்கும்."

சாரம்மாள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகை வந்தது. இந்த முறையாவது தும்மல் வரவில்லை.

டாக்டர் ஜாஸ்பர் மணியை நகத்தால் கீறிப் பார்த்தார். விரலில் சாம்பல் ஒட்டியது. "இதை ஏன் சார் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"நீங்க மீன் பிடிப்பியளான்னு கேக்கவே இல்லியே சார்."

அவர் மறுபடி மின்விசிறியைப் பார்த்தார். வலையை எரிக்கக்கூடாது, புதைக்கக்கூடாது, பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் அவன் உருக்குவான், அதுவும் கூடாது என்றார். அப்படியானால் என்னதான் செய்வது என்று சாரம்மாள் அதிகம் யோசிக்கவில்லை. மூடி போட்ட வாளியில் வலையைத் திணித்து, நேரே ரோஸ்லின் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

"என்னளா இது?"

"உங்க பேட்டரி மைனி. உங்க தம்பி ஒரு வருஷமாக் கடிச்சுப் பார்த்துட்டு, திருப்பிக் குடுக்கச் சொன்னாவ. பத்திரமா மூடி வைங்க, டாக்டர் வேற வழி சொல்லுத வரைக்கும். அப்படியே என் சொம்பை எடுங்க, அது வெள்ளீயமாம், இந்தக் காரீயம் இல்லியாம்."

ரோஸ்லின் உள்ளே போனாள். சொம்பை எடுத்துவந்து கொடுத்தாள். அது புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. ரசம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதன்பின் அவள் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. மருந்து ஓடியது. ஈயம் வந்த வேகத்தில் போகாது, எலும்பிலும் போய்ப் படிந்திருக்கும் என்றார் டாக்டர். வயிற்று முறுக்கல் முதலில் நின்றது. முகத்தில் ரத்தம் ஊறியது. கை மட்டும் அடம்பிடித்தது. தினமும் மேசை மேல் கையை வைத்து விரல்களைத் தூக்கிப் பழகச் சொன்னார்கள். சாரம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து மல்லி புடைத்துக்கொண்டே, "தூக்குங்க, இன்னும் தூக்குங்க, வலைன்னா தூக்குவியல்லா" என்று விரட்டுவாள். பொடி வாங்க ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை நாள் வெளியூர் போயிருந்ததுபோல வந்து கிண்ணத்தை நீட்டினார்கள். சபையிலிருந்து மட்டும் சத்தமே இல்லை. கிறிஸ்துமஸ் போனது, அடுத்த ஈஸ்டரும் போனது.

மறு வருஷம் ஜூலை கடைசியில், வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தபோது போன் முனகியது. ரோஸ்லின் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். சாரம்மாள் கையைத் துடைத்துவிட்டு, போனைக் காதில் வைக்காமல் எட்ட வைத்துக் கேட்டாள்.

"ஏளா சாரம்மா, சங்கத்துல பேசிட்டேன். இந்த வருஷம் அசனத்துக்குப் பொடி உன் பொடிதான். போன வருஷக் குழம்பை வாயில வைக்க முடியல, எவ சொல்லிக் கடைப் பொடி வாங்குனாளுவளோ தெரியல. மல்லியை நல்லா வறு, கருக்கிராத. பொடியை நீ கொண்டுவர வேண்டாம். எலியேசர் வலது கையில குடுத்து விடு. அவன் அதைத் தூக்கிட்டு வாரதை நான் பார்க்கணும்."